நான் முர்கா என்று சொன்ன பூ

என் மேல்வீட்டுக்காரியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு இப்படி எழுதலாமா என்று யாராவது கேட்டால், திருநீறு கொடுத்தவனுக்கே இது தெரியும் என்பதுதான் என் பதில். விளக்கேற்றும்போது அவளுக்காக நான் கேட்டிருக்கிற வரங்களையெல்லாம் எழுதினால் இந்தத் தாள் கறுத்துப்போகும். முருகன் அதில் ஒன்றையும் கொடுக்கவில்லை. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

டெல்லி மயூர் விஹாரில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஓர் அலுவலகத்தில் டிரைவர். மகள் ஒருத்தி, கல்லூரிக்குப் போகிறாள். எங்களுக்கு மேலே நாலாவது மாடி அவளுடைய சொந்த வீடு. அதற்கும் மேலே மொட்டைமாடி, எட்டு வீட்டுக்கும் பொது. பொது என்று காகிதத்தில் இருக்கிறது. தன் தலைக்கு மேல் இருப்பதால் அது தன்னுடையது என்பது அவள் எண்ணம்.

வெங்காயம், பூண்டுகூடத் தொடாதவள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரிப்போம். அந்த வாடை எழும்பியதும் அவள் இறங்கி வந்து எங்கள் வாசலுக்கு நேரே படிக்கட்டில் ஒரு கொத்து ஊதுவத்தியைக் கொளுத்திச் செருகிவிட்டுப் போவாள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தப் புகையைத் தாண்டித்தான் நான் தண்ணீர்க்கேனை உள்ளே தூக்கவேண்டும். ஆறு வருஷமாக இதுதான் எங்கள் பழக்கம்.

போன வருஷம் தீபாவளி கழிந்து கந்த சஷ்டி நடக்கிறபோது மகளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். காலையில் ஒரு பிளேட்லெட் கணக்கு, சாயங்காலம் அதைவிடக் குறைந்த ஒரு கணக்கு. ஈறில் ரத்தம் கசிந்தது. பக்கத்து ஸ்ட்ரெச்சருக்குத் துணைக்கு வந்த தமிழ்ப்பிள்ளை ஒருவன் தன் போனில் சூரசம்ஹாரம் ஓடவிட்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கூட்டத்துக்கு மேலே சேவற்கொடி ஆடியது. அதைப் பார்த்த நிமிஷத்தில் வாய் தானாகச் சொன்னது: முருகா, இவளை எழுப்பிக் கொடு. அடுத்த சம்ஹாரத்துக்கு உன் சேவலுடைய கொண்டையையே மாலையாகப் போடுகிறேன். என் கையால் விதைத்து, என் கையால் தண்ணீர் ஊற்றி, பூத்த பூவில் போடுகிறேன்.

நான் சொன்னது கோழிக்கொண்டைப் பூவை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நிற்கும். ரத்தச் சிவப்பில், வெல்வெட்டுத் துணியைச் சுருக்கித் தைத்தது மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். சேவல் தலையில் இருப்பது போலவே இருக்கும். மூன்றாம் நாள் கணக்கு ஏறத் தொடங்கியது. பிள்ளை எழுந்து இட்லி கேட்டாள்.

ஆனியில் ஊரிலிருந்து மதினி வந்தபோது, காய்ந்த பூ ஒன்றை நாள்காட்டித் தாளில் மடித்துக் கொண்டுவந்தாள். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். கறுப்பாக, மினுமினுப்பாக, கடுகில் கால்பங்கு பருமன்கூட இல்லாத விதைகள் உதிர்ந்தன. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, வாடகைக்கு இருக்கோம். மாடியில சட்டிய வச்சு எதுக்கு வம்பு? காஜிபூர் மண்டியில பூ குமிஞ்சு கெடக்கு. அன்னைக்குக் காலைல போயி வாங்கிட்டு வாரேன்."

"வாங்கிப் போடுததுக்கு நான் எதுக்கு நேந்துக்கிடணும்? உங்க பொண்ணு உசுரையும் மண்டியிலதான் வாங்கினியளா?"

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டை மண்ணை மாடிக்குத் தூக்கிப்போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அவ்வளவு சின்ன விதையை அப்படியே தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழும். ஒரு கை மணலோடு கலந்து, தயிர் டப்பாக்களில் தூவி, மேலே மண் என்று சொல்லமுடியாத அளவுக்குத் தூசி மாதிரி மண் தூவி, கையில் தண்ணீரை எடுத்துத் தெளித்தேன். குவளையால் ஊற்றினால் விதை மிதந்து ஓரத்துக்குப் போய்விடும். ஐந்தாம் நாள் பச்சையாக ஒரு படலம் தெரிந்தது. ஆறாம் நாள் புறா வந்து பாதியைத் தின்றுவிட்டது. டெல்லியில் புறாவுக்குத் தானியம் போட்டுப் புண்ணியம் சேர்க்கிறார்கள். அந்தப் புண்ணியத்தையெல்லாம் என் டப்பாவில் கொத்திவிட்டுப் போயிருந்தது.

இரும்புக் கடைக்குப் போய்ச் சின்னக் கண்ணுள்ள கம்பி வலை கேட்டேன். கடைக்காரன், "அச்சா, முர்கா ஜாலி?" என்றான். கோழிக்கூண்டு அடிக்கிற வலைக்கு இங்கே அதுதான் பெயர். பூவும் கோழிக்கொண்டை, வலையும் கோழிவலை, நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு வாங்கிவந்தேன். நாலு பழைய நாற்காலிக் கால்களை நிறுத்தி, வலையைச் சுற்றி, டப்பாக்களை உள்ளே வைத்து மூடினேன். அந்த நேரத்தில்தான் அவள் துணி உலர்த்த வந்தாள்.

இங்கே என் ஹிந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டாவது வரை படித்தவள் நான். பதினெட்டு வருஷம் இங்கே இருந்தும் என்னுடையது காய்கறி வண்டியோடு நின்று பேரம் பேசுகிற ஹிந்திதான். ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எல்லாம் ஒரே பையில் போட்டுக் குலுக்கியதாக இருக்கும். அவள் வலையைப் பார்த்துவிட்டு, "யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கோழிக்கொண்டைக்கு ஹிந்தியில் என்ன பெயரென்று எனக்குத் தெரியாது. கடைக்காரன் சொன்ன வார்த்தை வாயில் இருந்தது.

"முர்கா லகாயா ஜி." முர்கா வைத்திருக்கிறேன் என்றேன்.

"க்யா?"

"முர்கா, முர்கா. பகவான் கே லியே." அவள் முகம் மாறியதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, கையை உயர்த்திக் காட்டி மேலும் விளக்கினேன். "அபி சோட்டா ஹை. படா ஹோகா, பூரா லால் ஹோகா. தப் காட்கே பகவான் கோ சடாயேகா."

இப்போது சின்னதாக இருக்கிறது, பெரிதாகி முழுக்கச் சிவந்ததும் வெட்டிச் சாமிக்குச் சாத்துவோம் என்று சொன்னேன். பூவைத்தான் சொன்னேன்.

"யஹான்? சத் பர்?" இங்கேயா, மொட்டைமாடியிலா என்றாள்.

"ஹாஞ்ஜி. தீஸ் ஹை." முப்பது இருக்கிறது என்று விரலையும் காட்டினேன்.

அவள் உலர்த்திய துணியைக்கூடத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மறுநாள் கீழே கேட்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டடத்து ஆட்கள் நாலுபேர் நின்று படித்தார்கள். நான் போனதும் விலகி வழிவிட்டார்கள். எனக்கு ஹிந்தி எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். சாயங்காலம் மகள் வந்து படித்தாள். படித்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, நீ ஆண்ட்டிகிட்ட என்ன சொன்ன?"

"கோழிக்கொண்டைன்னு சொன்னேன்."

"ஹிந்தியில எப்படி சொன்ன?"

"முர்கான்னேன்."

"அரே அம்மா! முர்கான்னா சேவல்! ஃபுல் சேவல்! நீ தேர்ட்டி சேவல் வளத்து டெரஸ்ல வச்சு வெட்டப்போறன்னு எழுதியிருக்கு. பலி. பலின்னு எழுதியிருக்கும்மா!"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது இரண்டும் சுட்டது. ஒரு வார்த்தை திரும்பக் கேட்டிருக்கலாம். குனிந்து ஒரு டப்பாவைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மதராஸி, மீன் தின்கிறவள், எதுவும் செய்வாள் என்று ஆறு வருஷமாக மனசுக்குள் எழுதிவைத்திருந்ததைத்தான் அவள் அன்று தாளில் எழுதி ஒட்டினாள்.

இரண்டு நாளில் சொசைட்டி செக்ரட்டரி இன்னும் இரண்டு ஆட்களோடு மேலே வந்தார். அவளும் பின்னாலேயே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஏறினாள். வராத வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"பெஹன்ஜி, முர்கே கஹான் ஹைன்?" சேவல்கள் எங்கே என்று செக்ரட்டரி கேட்டார்.

நான் வலையைத் தூக்கிக் காட்டினேன். நாலு இலை விட்ட கன்றுகள் காற்றில் ஆடின. மகள் போனில் பூவின் படத்தை எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார். "அரே, யே தோ கல்கா ஹை! கல்கா கா ஃபூல்!" கோழிக்கொண்டைக்கு ஹிந்தியில் அதுதான் பெயராம். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர் கன்றுக்குப் பக்கத்தில் குனிந்து, கையைக் குவித்துச் சேவல் மாதிரி கூவினார்.

அந்தக் கூவலை அவள் மன்னிக்கவேயில்லை. சிரித்தவர்கள் அவர்கள், தண்டனை எனக்கு. மறுநாளிலிருந்து கட்டடத்துப் பிள்ளைகள் அவளைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் கொக்கரிக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரம் கழித்து மொட்டைமாடிக் கதவில் பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது.

ஆடி மாசம். மழை வருவதாகப் பாவனை காட்டிவிட்டு வராத நாட்கள். கோழிக்கொண்டையின் சங்கதி என்னவென்றால், பிள்ளைப் பருவத்தில் அது தாகத்தில் வாடக்கூடாது. வாடினால், இனிமேல் பிழைக்கமாட்டோம் என்று பயந்து, விரல் உயரத்திலேயே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூவைப் பூத்துவிட்டு முடிந்துபோகும். ஒருநாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. இரண்டாம் நாள் காலையில் நான் போய் அவள் கதவைத் தட்டினேன்.

பாதிக் கதவைத் திறந்தாள். கூரையைக் காட்டினாள். படுக்கையறைச் சீலிங்கில் பழுப்பாக ஒரு கறை, சப்பாத்தி அளவுக்குப் படர்ந்திருந்தது. சீலன், சீலன் என்றாள், ஈரக்கசிவைத்தான். என் சட்டித் தண்ணீர் ஒழுகி அவள் கூரையில் இறங்குகிறதாம்.

அது உண்மைதான். அதையும் எழுதவேண்டும். சட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் தண்ணீர் அதிலேயே நிற்கும், தரைக்கு வராது. நான் தட்டு வைக்கவில்லை. தேங்கிய தண்ணீரில் எந்தக் கொசு முட்டையிடும் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையைக் கடித்தது அதுதான். பிள்ளை பிழைத்ததற்காக வைக்கிற செடிக்குக் கீழேயே அந்தக் கொசுவை வளர்ப்பேனா? தட்டு இல்லாமல்தான் ஊற்றினேன். தண்ணீர் தரையில் ஓடியது. அவள் கூரையில் இறங்கியது. இதை அவளிடம் ஹிந்தியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

"பானி தேனா ஹை. சாபி தோ," என்றேன். தண்ணீர் ஊற்றவேண்டும், சாவி கொடு. 'தீஜியே' என்று மரியாதையாகக் கேட்டிருக்கவேண்டும் என்று பிறகு மகள் சொன்னாள். நல்லவேளை, அப்போது தெரியாது.

கதவை அடைத்துவிட்டாள். நான் செக்ரட்டரியிடம் போய் நின்றேன். காலை ஏழிலிருந்து எட்டு வரைக்கும் பூட்டைத் திறந்துவைக்கவேண்டும், சட்டிகளை அவள் படுக்கையறைக்கு மேலிருந்து நகர்த்திச் சுவரோரம் வைக்கவேண்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். நாளைக் காலையில் வீட்டுக்காரரை வைத்து நகர்த்திவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தேன். பூட்டு தொங்குவதற்கு முன்பே கன்றுகளைப் பெயிண்ட் வாளிகளுக்கும் மண்சட்டிகளுக்கும் மாற்றியிருந்தேன். முப்பதில் வெயிலும் பூட்டும் கொண்டுபோனது போக மிஞ்சியது பதினெட்டு.

மறுநாள் ஏழு மணிக்கு ஏறினால் சட்டிகள் ஏற்கெனவே நகர்ந்திருந்தன. அவளே இழுத்துப்போட்டிருக்கிறாள். தரை முழுக்கக் கோடுகோடாக மண். ஐந்து செடிகளுக்குத் தலை ஒடிந்து தொங்கியது. குருத்து அடியோடு போயிருந்தது. கோழிக்கொண்டைக்குப் பூ வருவதே அந்தத் தலையில்தான்.

அங்கேயே உட்கார்ந்து அவளைத் திட்டினேன். நெல்லைத் தமிழில், என் அம்மாகூட வாயில் எடுக்காத வார்த்தைகளில், கீழே அவள் காதில் விழும்படி திட்டினேன். அவளுக்குப் புரியாது. ஆனால் எதற்காகத் திட்டுகிறேன் என்பது புரியாமல் இருக்காது.

வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார்.

"ஏளா, போதும். எட்டு மணி ஆவுது. பூட்டிருவா."

"பூட்டட்டும். இங்கேயே கெடக்கேன்."

"நான் ஆபீசுக்குப் போவாண்டாமா? டிபன் யாரு கெட்டுவா?"

ஒடிந்த ஐந்தையும் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கண்ணில் படாத இடுக்கில் வைத்தேன். பிடுங்கி எறிய மனசு வரவில்லை. பார்க்கவும் மனசு வரவில்லை. மற்றவற்றுக்கு ஊற்றிவிட்டு மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்றே, பார்க்காமல், அதுகளுக்குக் கொட்டுவேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு தினமும் காலை ஏழு முதல் எட்டு வரை என் நேரம். பூட்டைத் திறந்துவிட்டு அவள் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்காருவாள், ஜெபமாலையை உருட்டிக்கொண்டே. மணி எட்டாகும்போது சாவியை ஆட்டிச் சத்தம் எழுப்புவாள். நான் ஒவ்வொரு செடிக்கும் சஷ்டிக் கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊற்றுவேன். அவள் ராம நாமம், நான் முருகன் நாமம். இரண்டு பேர் மனசிலும் அந்த நேரத்தில் இருந்தது சாமி இல்லை.

ஆவணியில் தண்டு சிவந்தது. புரட்டாசி நடுவில் உச்சியில் ஒரு சின்ன மடிப்புத் தெரிந்தது, குழந்தையின் காதுமடல் மாதிரி. அது நாளுக்கு நாள் அகன்றது. சாணத் தண்ணீர் கரைத்து ஊற்றினேன். அதற்கும் ஒரு புகார் போனது. ஐப்பசி பிறக்கும்போது பதின்மூன்று செடியிலும் பதின்மூன்று கொண்டை. ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். விரலை வைத்தால் பூனைக்குட்டியின் வயிற்றைத் தொட்டாற்போல இருக்கும். அவ்வளவு சிவப்பை இந்தப் புகைபிடித்த ஊரில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மகள் படம் பிடித்து மதினிக்கு அனுப்பினாள். ஸ்டூலில் இருந்தவள்கூட ஒருநாள் உருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நன்றாகப் பாரடி என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

சம்ஹாரத்துக்கு இன்னும் ஆறு நாள். தீபாவளி அன்று காலை ஏழு மணிக்கு ஏறினேன். கதவு திறந்திருந்தது. ஸ்டூலில் அவள் இல்லை. சுவரோரம் பதின்மூன்று செடிகள், பதின்மூன்றும் மொட்டைத் தண்டு. வெட்டிய இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. கத்தரிக்கோலால் சுத்தமாக, ஒரே உயரத்துக்கு வெட்டியிருந்தாள்.

படி இறங்கியது எனக்கு நினைவில்லை. அவள் கதவு தீபாவளிக்காக விரியத் திறந்திருந்தது. நிலைக்கு மேலே சாமந்தித் தோரணம். சாமந்திக்கு நடுவில் என் கொண்டைகள், நாலு. உள்ளே மணையில் லட்சுமி, கணபதி பொம்மைகள். அவற்றைச் சுற்றி மிச்ச ஒன்பதும். விளக்குக்கூட ஏற்றியாயிற்று.

இந்த ஊரில் காலையில் நடக்கப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பையோடு போவார்கள். அடுத்தவர் வேலியில் செம்பருத்தி கண்டால் பறித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். கேட்டால் பூஜைக்கு என்பார்கள். பூஜைக்குப் பறிப்பது திருட்டில்லை என்பது இங்கே எழுதாத சட்டம். ஆனால் இவள் அந்தச் சட்டத்தில் செய்தவள் இல்லை. மூன்று மாதம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் செய்தவள்.

"மேரா ஃபூல்!" என்று கத்தினேன். என் பூ. அதற்குமேல் ஹிந்தி வரவில்லை. "மேரா பேட்டி கா ஃபூல்!" என் மகளுடைய பூ. இலக்கணம் தப்பு. அழுகையில் இலக்கணம் எங்கே?

அவள் குங்குமத் தட்டோடு வந்தாள். சத்தம் போடவில்லை. கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஆப் ஹி நே கஹா தா. பகவான் கே லியே ஹை. பகவான் கோ ஹி சடாயா."

நீயேதானே சொன்னாய், பகவானுக்கென்று. பகவானுக்குத்தான் சாத்தினேன்.

ஒரு சாமிக்குச் சாத்தியதை எடுத்து இன்னொரு சாமிக்குச் சாத்த முடியாது. லட்சுமி காலடியிலிருந்து பிடுங்க என் கை வராது என்று அவளுக்குத் தெரியும். என் பக்தியை வைத்தே என்னைக் கட்டிப்போட்டுவிட்டு நின்றாள். மகள் வந்து என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். அன்று எங்கள் வீட்டில் இனிப்புக் கிண்டவில்லை.

மறுநாள் சஷ்டி விரதம் தொடங்கியது. ஆறு நாளும் ஒருவேளை பாலும் பழமும். விரதத்தில் கோபம் ஆகாது என்பார்கள். நான் பசியை எளிதாகப் பொறுத்துக்கொண்டேன். தலைக்குமேல் அவள் நடக்கிற சத்தம் கேட்டாலே கவசத்தில் வரி தப்பியது. மொட்டைமாடிக்குப் போகவில்லை. போய் எதைப் பார்க்க? "மண்டியில வாங்கிருவோமா?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வாக்கு வாக்குதான். என் கையால் வளர்த்தது என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையைக் கொடுத்தவனிடம் மண்டிப்பூவை நீட்டி ஏமாற்ற முடியுமா? நான் வாக்குத் தவறினால் அவன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வானோ என்று பயந்தேன். மகள் லேசாகத் தும்மினால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் காலை ஏழரைக்கு வீட்டில் தண்ணீர் வரவில்லை. தொட்டியைப் பார்த்துவரச் சொல்லி மகளை அனுப்பினேன். அவள் படியில் நின்றே கத்தினாள்.

"அம்மா! ஜல்தி வா! உன் கோலிக்கொண்டை!"

அவளுக்கு ழகரம் வராது. கோலி என்றால் ஹிந்தியில் துப்பாக்கிக் குண்டு. படிக்கட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

தொட்டிக்குப் பின்னால், நான் தூக்கிப்போட்ட ஐந்து சட்டிகள். தலை ஒடிந்த இடத்துக்குக் கீழே ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு கிளை வெடித்திருந்தது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்னக் கொண்டை. புளியங்கொட்டை அளவு, ரூபாய் நாணயம் அளவு. பெரிசு ஒன்றுகூட இல்லை. எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல். அவள் கத்தரிக்கோலோடு வந்தபோது இவை கண்ணில் பட்டிருக்காது. பட்டிருந்தாலும் சீண்டியிருக்கமாட்டாள்.

அவள் இழுத்து ஒடிக்காமல் இருந்திருந்தால் இவை வந்திருக்காது. எனக்கு அது தெரிகிறது. அதற்காக அவளுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று யாரும் என்னிடம் எதிர்பார்க்கவேண்டாம். ஒடித்தவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிக்குப் பின்னாலும் வந்திருப்பாள்.

பெரிய கொண்டை மாலைக்கு லாயக்கில்லை என்பதும் கட்டுகிறபோதுதான் எனக்குப் புரிந்தது. தண்டு தடி, நாரில் நிற்காது. சின்னது நாருக்குள் சொன்னபடி உட்கார்ந்தது. ஆனால் நாற்பது பூவில் மாலை எவ்வளவு வரும்? ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். சாமி கழுத்துக்குக் காணாது.

சம்ஹாரத்தன்று சாயங்காலம், இங்கே தமிழ் ஆட்கள் கும்பிடுகிற முருகன் கோயிலில் நிற்க இடமில்லை. குருக்களிடம் வாழையிலையை நீட்டினேன். பிரித்துப் பார்த்தார்.

"உங்க ஆத்துலேயே பூத்ததா? பேஷ், நன்னா இருக்கு. ஆனா சுவாமிக்குப் பத்தாதேம்மா. சேவக்கொடிக்குச் சாத்திடட்டுமா? பொருத்தமா இருக்கும்."

கழுத்துக்கென்று நேர்ந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. தலையாட்டிவிட்டேன். கொடியில் எழுதியிருந்த சேவலின் கழுத்தைச் சுற்றி மாலை சரியாக உட்கார்ந்தது, அதற்கென்றே அளவெடுத்தது மாதிரி. கையைக் குவித்தேன். பிள்ளையைக் கொடுத்ததுக்குக் கொண்டுவந்துட்டேன்ப்பா, இதுக்குமேல எனக்கு முடியலை என்றேன். பக்கத்தில் மகள் என் காதில் கேட்டாள்.

"அம்மா, இந்தச் சேவல்தான சூரன்? ஸ்டோரில அந்த வில்லன்? முருகன் வேலால ரெண்டா கட் பண்ணி, ஒண்ணு மயில், ஒண்ணு சேவல்?"

"ஆமாட்டி. பேசாம கும்பிடு."

"அப்போ நீ வில்லனுக்கா மாலை போட்ட?"

முன்னால் நின்ற மாமி ஒருத்தி திரும்பிச் சிரித்தாள். எனக்குக் கும்பிட்ட கை அப்படியே நின்றது. ஒரு வருஷமாக அந்தக் கொடியை நினைத்துக்கொண்டே இருந்தேன். அதில் இருப்பது எதிரி என்பது ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை. முருகன் அவனை வெட்டினான், பிறகு தூக்கித் தன் கொடியில் வைத்துக்கொண்டான். தினமும் தலைக்குமேலே அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் தெய்வம், அவனுக்கு முடியும். என் தலைக்குமேல் இருப்பவளின் காலடிச் சத்தத்தைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. முருகா, இதை மட்டும் என்னிடம் கேட்காதே என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவன் கேட்டானா இல்லையா, தெரியாது. மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்து படியேறும்போது அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். என் நெற்றித் திருநீறையும் கையிலிருந்த வெற்று இலையையும் பார்த்தாள்.

"க்யோன் ஜி, முர்கா கட் கயா?" சேவல் வெட்டியாச்சா என்று கேட்டாள். உதட்டோரம் சிரிப்பு.

"கட் கயா," என்றேன். "அக்லே சால் ஃபிர் லகாயேகா." அடுத்த வருஷம் மறுபடியும் வைப்பேன்.

"லகாவோ, லகாவோ. தாலா தோ மேரா ஹி ஹை." வை, வை. பூட்டு என்னுடையதுதானே.

விலகாமல் அவள் இறங்கினாள், விலகாமல் நான் ஏறினேன். தோள் உரசியது. வீட்டுக்குள் வந்து விரதத்தை முடித்து ஒரு வாய் சோறு தின்றேன். மாலைக்கு நறுக்கியபோது தாளில் உதிர்ந்திருந்த கறுப்பு விதைகளைக் கூட்டி, மதினி கொண்டுவந்த அதே நாள்காட்டித் தாளில் மடித்து, முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். ஆனிக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே எங்களுக்கென்று ஒரு முழம் இடம் உண்டு, அதற்கு யார் சாவியும் வேண்டாம். ஐந்து சட்டி வைக்கலாம். கன்று நாலு இலை விட்டதும் எல்லாவற்றின் தலையையும் நானே கிள்ளிவிடுவேன்.